தாடையின் கீழ் ஒரு விரல்

பாலம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மழையும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரை ஊரான டுலூத்தில் தாமதமாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே காரணம்தான். "பாலத்துல மாட்டிக்கிட்டேன்." கப்பல் வந்தால் பாலத்தைத் தூக்குவார்கள், பாலத்தைத் தூக்கினால் பாதி ஊர் நிற்கும். முதலாளி கோபிக்கவும் முடியாது. போன வாரம் அவரும் அதையே சொல்லியிருப்பார். ஊருக்கு வந்து நான்கே நாளான லின்னியாவுக்கு அந்தப் பொறுமை இன்னும் பழகவில்லை. பாப்கார்ன் கடையின் கூரைக்கு அடியில் ஒதுங்கி, ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டே எதிர்க்கரையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்தில் இப்படியா குளிரும்...?

அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

ஆறடிக்கு மேல் உயரம். தோளெல்லாம் மழை. நெருப்புப் பொறி பட்டு அங்கங்கே ஓட்டை விழுந்த காக்கிச் சட்டை. கண்கள்... மேகம் மூடிய நாளில் இந்த ஏரிக்கு வருமே ஒரு நிறம், அந்த நிறம். யாராக இருந்தாலும் இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றுகிற கண்கள்தான். ஆனால் லின்னியா பார்த்தது அவன் கையை.

ஈரத் தரையில் மண்டியிட்டு, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் தாடையை அவன் பிடித்திருந்தான். கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். துருப்பிடித்த குழாயைத் திறக்கிறவன் மாதிரி ஒரு பிடி. சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். குழந்தையின் முகம் சிவந்து, உதடு கோணி, கண்ணில் நீர் முட்டி நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை.

லின்னியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கையை எடுங்க சார்."

அவன் திரும்பக்கூட இல்லை. "உங்க வேலையைப் பாருங்க மேடம்."

"இதுதான் சார் என் வேலை." அவள் மழையில் இறங்கி அவன் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். "இப்படிப் பிடிச்சு அழுத்தினா அவ வாய் உங்க கையைத்தான் கத்துக்கும். வார்த்தையைக் கத்துக்காது. நீங்க அவளைப் பேச வைக்கல... அவ வாயால நீங்க பேசப் பாக்கறீங்க. எவ்வளவு அழுத்தம் குடுக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?"

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, அவன் தாடைக்கு அடியில் வைத்தாள்.

"இவ்வளவுதான். இப்ப 'போட்'னு சொல்லுங்க."

காலையிலிருந்து மாலைவரை குழந்தைகளின் முகத்தைத் தொட்டே பிழைக்கிறவள் அவள். தொடுவதற்கு முன் யோசிக்கிற வழக்கம் அவள் கைக்கு எப்போதோ போய்விட்டது. தாடி முள் குத்திய பிறகுதான் உறைத்தது. இது குழந்தை இல்லை. யாரோ ஒரு ஆண். அவன் தாடையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் அவள் விரல் வழியாக இறங்கி மணிக்கட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது...

அவன் அவளையே பார்த்தான். கோபம் பாதியில் நின்றுபோன பார்வை.

"போட்," என்றான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கப்பலின் சங்கு ஒலித்தது. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். நீண்ட சிவப்புக் கப்பலின் கடைசிப் பகுதி பாலத்துக்கு அடியில் நகர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத் தளத்தில், கம்பியைப் பிடித்தபடி, வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஓடிப் போய்க் கரைச் சுவரில் தொற்றிக்கொண்டது. வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது. ஒன்றும் வரவில்லை. கப்பல் போய்விட்டது.

"எங்க அக்கா," என்றான் அவன். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "அந்தக் கப்பல்ல சமையல் வேலை. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இந்த வழியா வருவா. இறங்கக்கூட விடல இந்தத் தடவை. ரெண்டு நிமிஷம்தான் கண்ணுல படுவா. அதுல இவ 'மம்மா'ன்னு ஒரு தடவை கத்தணும்னு ஒரு மாசமா பழக்கறேன்."

நீட்டிய விரலை லின்னியா மடக்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மேடம்," என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் மழைக்குள் நடந்தான்.

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்திருந்த பேச்சுச் சிகிச்சை மையத்தில் அவளுக்கு வந்த முதல் ஃபைலைப் பிரித்தாள். தைமி கோஸ்கி, வயது ஐந்து. உடன் வருபவர் தாய்மாமன் நீலோ கோஸ்கி, கப்பல் பட்டறையில் வெல்டர். முன்பு பயிற்சி கொடுத்தவர் ஏப்ரலில் ஊரைவிட்டுப் போனபின் பயிற்சி நின்றுவிட்டது.

கதவு திறந்தது. அதே கண்கள்...

ஊரில் வேறு ஆள் இல்லையா என்று நீலோ வாசலில் நின்றபடியே கேட்டான். மையத்தின் தலைவி ஆர்லீன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். இருக்கிறார்களே, மினியாபொலிஸில், ரெண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும், வாரத்துக்கு நாலு நாள் என்றாள். அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

தைமிக்குக் காதில் குறை இல்லை. அறிவில் குறை இல்லை. நாக்கும் உதடும் நன்றாகவே இருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உதடு எப்போது மூட வேண்டும், தாடை எவ்வளவு இறங்க வேண்டும், நாக்கு எங்கே போக வேண்டும் என்ற கட்டளைதான் மூளையிலிருந்து கிளம்பி வழியிலேயே கலைந்துபோகும். 'போட்' என்பது ஒரு தடவை 'ஆ' என்று வரும், இன்னொரு தடவை 'தோ' என்று வரும், அடுத்த தடவை வரவே வராது. படத்தைக் காட்டிச் சொல்லு சொல்லு என்றால் பலன் இல்லை. சைக்கிள் பழகுவதுபோல அசைவைத்தான் உடம்புக்குப் பழக்க வேண்டும். ஐந்தே வார்த்தை, ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை.

முதலில் முகத்துக்கு முகம் உட்கார்ந்து இருவரும் சேர்ந்தே சொல்வார்கள், ரொம்ப மெதுவாக. லின்னியாவின் விரல் தாடைக்கு அடியிலிருந்து வழி காட்டும். சில நாள் கழித்து விரல் விலகும். அப்புறம் அவள் குரல் விலகி உதடு மட்டும் அசையும். அப்புறம் அதுவும் நின்று, குழந்தை தனியாகச் சொல்லும். தொடுவதை ஒரு வாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். எப்போது கையை எடுப்பது என்று தெரியத்தான் வருடங்கள் ஆகும்.

எந்த ஐந்து வார்த்தை வேண்டும் என்று வீட்டில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலோ ஒரு அட்டையில் எழுதிக் கொண்டுவந்தான். மம்மா, போட், ஹோம், நோ, நீலோ.

"உங்க பேரை நீங்களே சேத்துக்கிட்டீங்களா?" லின்னியாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் சேக்கல. அவதான் என்னைக் காட்டிக் காட்டி எழுதச் சொன்னா."

லின்னியா அட்டையை வாங்கிக்கொண்டாள். முதல் வாரத்திலேயே இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

மன்னிப்புக் கேட்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அத்தனை வீம்பு. ஒரு வெள்ளிக்கிழமை, தைமி ஷூ மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அன்னைக்குப் பாலத்துகிட்ட நான் அப்படி வந்திருக்கக் கூடாது என்று மெல்ல ஆரம்பித்தாள். நீலோ கையைக் காட்டி நிறுத்தினான்.

"என் பிடி தப்பு. நீங்க சொன்னது சரி. சொன்ன நேரம்தான் சரியில்ல." பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்ப தக்காளி மேல விரலை வெச்சுப் பழகறேன். முதல் நாள் ஆறு தக்காளி நசுங்கிப் போச்சு."

"இப்ப?"

"இப்ப சாஸ் வைக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சறதில்ல... எல்லாம் முழுசா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இரண்டு விநாடி கூடுதலாக நீண்டுபோனதை இருவரும் கவனித்தார்கள், இருவரும் கவனிக்காததுபோல இருந்தார்கள். தைமி மட்டும் ஒரு ஷூவோடு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதன்பின் லின்னியாவுக்கு வாரம் என்பதே திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று நான்கு நாளாகிவிட்டது. மீதி மூன்றும் எதற்கு இருக்கின்றன என்று தெரியவில்லை. பட்டறைக் கரி போகத் தேய்த்துக் கழுவிய அந்தப் பெரிய கைகள் ஒரு சின்னத் தாடைக்கு அடியில் இறகு மாதிரி நிற்பதைப் பார்க்கும்போது எத்தனையாவது தடவை என்ற எண்ணிக்கை அவளுக்கு விட்டுப்போகும். ஏலக்காய் போட்ட ரொட்டி கொண்டுவருவான், தைமிக்கு என்று. அதில் எப்போதும் மூன்று துண்டு இருக்கும். ஒருநாள் கப்பலிலிருந்து அவன் அக்கா ஐலா போனில் வந்தாள். தைமி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "டேய், பத்து நிமிஷத்துல அந்த டீச்சர் பேரை ஏழு தடவை சொல்லிட்டே. என் பொண்ணு எப்படி இருக்கான்னு இன்னும் சொல்லல," என்றாள் ஐலா. நீலோவின் காதுமடல் சிவந்தது. லின்னியா அவசரமாகப் படம் ஒட்டிய அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள், ஏற்கெனவே அடுக்கி வைத்தவற்றை.

ஆனால் ஒரு விதி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆர்லீன் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஒரு குழந்தையின் ஃபைல் உன் பெயரில் திறந்திருக்கும்வரை அந்த வீட்டாரோடு காபி கிடையாது, நடை கிடையாது, ஒன்றும் கிடையாது. மீறினால் வேறு ஆளிடம் மாற்ற வேண்டும். இந்த முறை தெரிந்தவர்கள் மையத்தில் இரண்டே பேர். இன்னொருத்தியான ரூத்துக்கு வாரத்தில் ஒருநாள்தான் இடம் இருந்தது. நாலு நாள் பயிற்சி ஒருநாள் ஆனால் தைமி பழகியதெல்லாம் கரைந்துபோகும்.

ஆகவே இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏலக்காய் ரொட்டியில் மூன்றாவது துண்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் நடுவில், ஒரு புதன்கிழமை. குழந்தைகள் வராத நாள். மாத அறிக்கை எழுதுவதற்காக லின்னியா பயிற்சி வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை சொன்னாள், எத்தனை தடவை விரல் தேவைப்பட்டது என்று எண்ணிக் கட்டத்தில் நிரப்ப வேண்டும்.

'ஹோம்'. விரலோடு, சரி. 'ஹோம்'. விரலோடு, சரி.

ஏதோ உறுத்தியது. வீடியோவைப் பின்னால் இழுத்து, வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினாள்.

தைமியின் தாடை முதலில் இறங்கியது. உதடு குவிந்தது. அதற்குப் பிறகுதான் லின்னியாவின் விரல் வந்து சேர்ந்தது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். விரல் தாமதமாக வந்து, நான்தான் சொல்ல வைத்தேன் என்பதுபோலத் தாடைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. முந்தைய நாள் வீடியோவைப் போட்டாள். அதற்கு முந்தைய நாள். இரண்டு வாரம் பின்னால் போனாள். இரண்டு வாரமாகவே அந்தக் குழந்தைக்கு விரல் தேவைப்படவில்லை. ஐந்து வார்த்தைக்கும்.

லின்னியா வீடியோவை நிறுத்தினாள். இதைப் பார்க்கத் தெரியாதவளா அவள்? எட்டு வருடமாக வேறென்ன வேலை பார்த்தாள்? தெரிந்திருக்கிறது... அவள் விரலுக்காவது தெரிந்திருக்கிறது. எடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருக்கிறது. விரலை எடுத்தால் குரலையும் எடுக்க வேண்டும். குரலை எடுத்தால் வாரம் நாலு நாள் ஒருநாள் ஆகும். இலையுதிர் காலத்துக்குள் ஃபைல் மூடும். அந்தப் பெரிய கைகள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வராது.

அவ வாயால நீங்க பேசப் பாக்கறீங்க... மழையில் நின்று ஊரறியச் சொன்னாளே. அவனாவது அவசரத்தில் செய்தான். இவள் சம்பளம் வாங்கிக்கொண்டு, இதமாக, சிரித்த முகத்தோடு செய்திருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. ஒரே ஒரு கெட்ட நினைப்பும் வந்துபோனது. நாளைக்கு விரலை எடுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது...

அந்த நினைப்பு வந்ததற்காகவே எழுந்து ஆர்லீனின் அறைக்குப் போனாள்.

வீடியோவை ஆர்லீன் மூன்று தடவை பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். லின்னியா மறைக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை, ஆனால் காரணம் அதுதான் என்றாள்.

"பதினோரு குழந்தைங்க வரிசையில காத்திருக்காங்க," என்றாள் ஆர்லீன். "ஒரு அம்மா தினமும் ஒன்பது மணிக்கு போன் பண்றாங்க. நான்தான் பதில் சொல்றேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீயா வந்து சொன்னதால எழுத்துல ஒரு கண்டிப்போட விடறேன். நானா கண்டுபிடிச்சிருந்தா இந்தப் பேச்சே இருந்திருக்காது. தைமி இன்னையிலிருந்து ரூத்கிட்ட. உன் பேர் அந்த ஃபைல்ல இருக்காது. அவ மாமாகிட்ட நீயே போய்ச் சொல்லு... முழுசா."

பட்டறை வாசலில் மதிய உணவு மணி அடிக்கும்வரை லின்னியா காத்திருந்தாள். உள்ளே ஒரு கப்பலை நீரை விட்டுத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நீலோ முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டே வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

சொன்னாள். தைமிக்கு ரெண்டு வாரமாகவே விரல் வேண்டியிருக்கவில்லை, நான்தான் எடுக்காமல் வைத்திருந்தேன், எடுத்தால் நீங்கள் வருவது நின்றுவிடும் என்று... வேறு காரணம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"போன வாரம் பள்ளிக்கூடத்துல அவளை வரச் சொல்லிப் பாத்தாங்க," என்றான் மெல்ல. "செப்டம்பர்ல சேக்கறதுக்கு. டீச்சர்கிட்ட நான்தான் சொன்னேன். தாடையைத் தொட்டாத்தான் பேசுவா, தொடாம ஒண்ணும் கேக்காதீங்கன்னு. அவங்க எழுதிக்கிட்டாங்க. பேச வராத குழந்தைங்களுக்கான தனி வகுப்புன்னு முந்தாநாள் கடுதாசி வந்திருக்கு."

இது லின்னியாவுக்குத் தெரியாது. இரண்டு வாரம் மட்டும்தான் திருடியதாக நினைத்துக்கொண்டிருந்தாள்... குழந்தையின் ஒரு வருடமே போகப் போகிறது.

"எனக்குத் தெரியாது நீலோ. நான் இப்பவே..."

அவன் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் அழுதானா, வெறுத்தானா, எதுவும் தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டான்.

அன்று மாலைக்குள் லின்னியா பள்ளிக்குக் கடிதம் எழுதினாள். குழந்தை உதவி இல்லாமல் பேசுகிறாள். உதவி வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது தவறு. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. தைமியை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டு, கீழே முழுப் பெயரும் உரிம எண்ணும் போட்டாள். இந்த மாதிரி ஒரு கடிதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை கை மாறும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல பெயர் இனி இந்த ஊரில் கிடையாது. பரவாயில்லை. ஆர்லீனிடமும் ரூத்திடமும் காட்டிவிட்டு அனுப்பினாள். வீடியோவையும் ரூத் சேர்த்து அனுப்பினாள்.

வியாழனும் வெள்ளியும் போயின. திங்கள் வந்தது. தைமியின் நேரத்தில் வேறொரு பையன் வந்தான். அவன் அம்மாதான் தினமும் போன் செய்தவர். லின்னியா அவன் தாடைக்கு அடியில் விரலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தன் விரலையே சந்தேகத்தோடு பார்த்தாள். கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடுபட்டாள். வந்து திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. ஆனால் யாரும் வரவில்லை... செவ்வாயும் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம், மையத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் சூப் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பழைய பச்சை டிரக் ஒன்று வந்து நின்றது.

நீலோ இறங்கினான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. எதிரே வந்து நின்றான், உட்காரவில்லை. அவள் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருங்க. முதல்ல பள்ளிக்கூடத்தைச் சொல்லிடறேன்," என்றான்.

காலையில் மறுபடி வரச் சொன்னார்களாம். லின்னியாவின் கடிதத்தைப் படித்துவிட்டு டீச்சர் தன் கை இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டாராம். தைமி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாளாம். பிறகு ஒவ்வொன்றாக, ஐந்தையும் சொன்னாளாம். டீச்சர் சும்மா இருக்காமல், தனி வகுப்பில் பொம்மைகள் நிறைய இருக்கும், அங்கே போகிறாயா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னா?"

"'நோ'ன்னா. இந்த ஊருக்கே கேக்கற மாதிரி." அவன் குரல் உடைந்தது. "எல்லாரோடயும் ஒண்ணாத்தான் உக்காரப் போறா. கடுதாசி மாத்திட்டாங்க."

லின்னியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெட்கமே இல்லாமல், தோள் குலுங்க அழுதாள்.

"அழாதீங்க. இன்னும் இருக்கு. அன்னைக்குப் பட்டறையில உங்க மேல கோவத்துல போகல நான்." அவன் தரையைப் பார்த்தான். "என்னைப் பாக்க எனக்கே பிடிக்கல. பள்ளிக்கூடத்துல முதல் தடவை பாத்தாங்களே, அதுக்கு நாலு நாள் முன்னாடி... பாத்திரம் கழுவிக்கிட்டு நின்னேன். ரெண்டு கையும் சோப்பு. பின்னாடியிருந்து 'நீலோ'ன்னு கூப்பிட்டா. யாரும் தொடல. தெளிவா, முழுசா கூப்பிட்டா."

அவள் கையை விலக்கி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டு நோட்டுல உதவி இல்லாம சொன்னதுக்கு ஒரு கட்டம் இருக்கே... எழுதல. ஒரு தடவைதானே, கணக்குல வராதுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். மறுநாளும் கூப்பிட்டா. அப்பவும் எழுதல. எழுதினா நீங்க விரலை எடுப்பீங்க, எடுத்தா நாங்க வர வேண்டியிருக்காதுன்னு... டீச்சர்கிட்ட தொட்டாத்தான் பேசுவான்னு சொன்னப்ப, அது பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க தெரியாம செஞ்சீங்க. நான் தெரிஞ்சு செஞ்சேன்."

ஏரியிலிருந்து காற்று வந்து சூப் மூடியைத் தட்டிவிட்டது. இருவரும் அதை எடுக்கவில்லை. ஒரு குழந்தை, பாவம், பேசக் கற்றுக்கொண்டதை இரண்டு பெரியவர்கள் போட்டி போட்டுக்கொண்டு மறைத்திருக்கிறார்கள். லின்னியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு, கேக்காத மாதிரி இருந்துட்டேன், மன்னிச்சுக்கோன்னேன். 'நோ'ன்னுட்டா. அப்புறம் ரொட்டி கொடுத்தேன்... மன்னிச்ச மாதிரிதான் தெரியுது."

"என்னையும் மன்னிப்பாளா?"

"ரொட்டி எடுத்துட்டு வாங்க."

அவள் ஈரக் கண்ணோடு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்தான். கையைச் சட்டைப் பைக்குள் விட்டான், வெளியே எடுத்தான்.

"இன்னொண்ணு இருக்கு. வர்ற வழியெல்லாம் டிரக்குல சொல்லிப் பாத்தேன். நூறு தடவையாவது இருக்கும். தனியா சொல்றப்ப நல்லாத்தான் வருது..."

வாயைத் திறந்தான். மூடினான். கழுத்து நரம்பு எழும்பியது, உதடு ஏதோ ஒரு எழுத்துக்குக் குவிந்து, பாதியிலேயே விட்டுவிட்டது. முகம் சிவந்துகொண்டே வந்தது.

அவன் என்ன சொல்ல வருகிறான் என்று லின்னியாவுக்குத் தெரியும். அவள் வாயில் அது தயாராக இருந்தது. அவனுக்குப் பதிலாக எடுத்துச் சொல்லிவிடலாம். முதல் எழுத்தையாவது சேர்ந்து சொல்லலாம். எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டால்கூட வந்துவிடும்... எட்டு வருடப் பழக்கம் அவளை உந்தியது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணை மட்டும் அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை. பத்து விநாடி ஆகியிருக்கும். அவள் வாழ்க்கையில் அத்தனை நீளமான பத்து விநாடி வந்ததில்லை.

"எனக்கு..." என்றான். நிறுத்தினான். அவள் காத்திருந்தாள்.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு லின்னியா. தைமிக்காக இல்ல. எனக்கு. அந்த மழையிலயிருந்தே." பிறகு, நூறு தடவையிலும் சொல்லிப் பார்த்திராத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். "வேண்டாம்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்... நினைச்சுப்பேன். ஆனா சொல்லிடு."

லின்னியா எழுந்தாள். அவன் சொல்லி முடித்துவிட்டான், இனி கையைக் கட்டி வைக்க வேண்டியதில்லை. இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் உன்னைத்தான் பிடிச்சிருக்கு," என்றாள். அதற்கு அவளுக்கு ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை.